லித்துவேனியாவுக்குப் போன தூக்குப்போசி

சுற்றுலா ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் "எப்ப வந்தீங்க?" என்று கேட்ட வாயோடு "எப்பக் கிளம்பறீங்க?" என்றும் கேட்டுவிடுவோம். விரட்டுவதற்காக இல்லை. இந்த ஆளிடம் எவ்வளவு தூரம் மனசை விடலாம் என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் கடை. மிளகு, காபித்தூள், ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, குழந்தைகள் சோப்பு நுரை ஊதும் குச்சி என்று எல்லாம் விற்போம். சின்ன வயசிலிருந்து கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்தது முதுகுகளைத்தான். குல்லா வாங்கி மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி, வளைவு வளைவாக இறங்கிப் போகிற முதுகுகள். நானும் ஒரு தடவையாவது இந்த ஊருக்கு முதுகைக் காட்டிவிட்டு எங்கேயாவது போக வேண்டும் என்று கிடந்து ஏங்குவேன். (சேலத்துக் காலேஜுக்குத் தினமும் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். அதெல்லாம் கணக்கில் வராது. சாயங்காலம் திரும்பிவிட்டால் அது பயணம் இல்லை, வேலை.)

காலேஜில் இரண்டாம் வருஷம் படித்தபோது, மஞ்சக்குட்டை போகிற வழியில் ஒரு எஸ்டேட் மைதானத்தில் உலக இளைஞர் முகாம் போட்டார்கள். மலை முழுக்கக் கூடாரம். எங்கெங்கோ இருந்து வந்த பிள்ளைகள், தலைக்கு ஒரு கொடியோடு. உள்ளூர்க் காலேஜ் பிள்ளைகளைத் தொண்டர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு நீலத் தொப்பியும், "உதவிக்கு என்னைக் கேளுங்கள்" என்று இங்கிலீஷில் எழுதிய, சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையும் கொடுத்தார்கள். முதல் நாள் முழுக்க நான் உலக நாடுகளுக்குச் செய்த உதவி, கழிப்பறை எங்கே என்று கை காட்டியதுதான்.

எனக்கு ஒதுக்கிய அணி லித்துவேனியா. அப்படி ஒரு நாடு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஏற்காடு என்று ஓர் ஊர் இருப்பதும் அவர்களுக்குச் சமீபத்தில்தான் தெரிந்திருந்ததால், யாரும் யாரையும் குறை சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த அணியில்தான் ரூதா இருந்தாள். என் வயசு. முகம் முழுக்கப் பழுப்புப் புள்ளி, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவள் இங்கிலீஷும் நொண்டும், என் இங்கிலீஷும் நொண்டும். அதனாலேயே சேர்ந்து நடக்க முடிந்தது. அது மார்கழிக் குளிர். எங்கள் ஊர் ஆட்கள் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். லித்துவேனியாக்காரர்கள் அரைக்கால் சட்டையில் நின்று, "என்ன அருமையான கோடைக்காலம்" என்றார்கள். ரூதா விடிந்ததும் விடியாததுமாகப் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். மறுநாளே குரல் போய்விட்டது.

வீட்டில் வந்து சொன்னேன். என் அம்மா சுபைதா பீவிக்கு யாருக்காவது சளி என்று காதில் விழுந்தால் போதும், கை தானாக மிளகு டப்பாவுக்குப் போய்விடும்.

"பெத்தவ பக்கத்துல இல்லாத புள்ள. கொண்டு போய்க் குடு கண்ணு" என்று கோழி ரசத்தைப் பிடி வைத்த எவர்சில்வர் தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுத்தார்.

அந்தப் போசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் சீர்ப் பாத்திரம் அது. கல்யாணம் பேசி முடித்த கையோடு என் மாமா கடைவீதிக்குப் போய், வாங்கிய பாத்திரத்திலெல்லாம் பேர் வெட்டச் சொல்லிவிட்டார். "சுபைதா பீவி, ஏற்காடு." பேர் வெட்டும் மிஷினில் டர்ரென்று புள்ளி புள்ளியாக விழுமே, அந்த எழுத்து. அண்டா, குண்டா, தட்டு, டம்ளர், ஜல்லிக் கரண்டி, ஸ்பூன் என்று ஒன்றையும் விடவில்லை. (தங்கச்சியை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்த மாதிரி.)

ரூதா ரசத்தைக் குடித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, குரலும் வந்தது. போசியைக் கழுவி, உள்ளே ஒரு கறுப்பு ரொட்டியை வைத்துக் கொடுத்தாள். முகாமில் அப்படி ஒரு வழக்கம். ஒருவர் ஒன்று கொடுத்தால், பதிலுக்கு ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டு வழக்கமோ, வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது.

"அந்தப் புள்ள ரொட்டி வெச்சு அனுப்பியிருக்குது. நாம சும்மா இருக்கறதா?" என்று அம்மா இடியாப்பம் வைத்தார். அதற்குப் பதில் காய்ந்த ஆப்பிள் வந்தது. ஆப்பிளுக்குப் பதில் மலை ஆரஞ்சு போனது. ஆரஞ்சுக்குப் பதில் கம்பளிக் காலுறை வந்தது. அம்மா அதை மாட்டிக்கொண்டு தோசை சுட்டார். இரண்டு நாட்டு மரியாதையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நடுவில் ஓடி ஓடித் தேய்ந்தது என் செருப்புதான்.

ஒரு நாள் முகாம் பிள்ளைகளை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போகலாம் என்றார்கள். ரூதாவைக் கூட்டி வந்தேன். அம்மா எல்லாப் பாத்திரத்தையும் இறக்கிவிட்டார். ரூதா தட்டைத் தடவினாள், டம்ளரைத் திருப்பிப் பார்த்தாள், ஸ்பூனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. தமிழா?" என்று கேட்டாள்.

"தமிழேதான். சுத்தமான தமிழ்" என்றேன், அந்த மொழியை நானே முந்தின வாரம் கண்டுபிடித்த தோரணையில். பெருமை பேசிய வாய், அது என் அம்மா பேர் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் தட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். நான் அதை எங்கள் மொழிக்குக் கிடைத்த கௌரவமாக எடுத்துக்கொண்டேன்.

திரும்பி நடக்கும்போதுதான் அவள் அந்தச் சேதியைச் சொன்னாள். வரும் ஆண்டு அவர்கள் நாட்டில் முகாம். ஒவ்வொரு அணியும் இங்கிருந்து ஒரு தொண்டரை அழைத்துப் போகலாம். "உன் பேரைச் சொல்லியிருக்கிறேன். உன் அப்பா விடுவாரா?"

நான் நின்றுவிட்டேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் போகும்போது நீயும் வா என்று சொல்லியிருக்கிறார்.

அத்தாவிடம் கேட்டேன். அத்தா பெருநாள் அன்றைக்கும் கடையைப் பாதிக் கதவு திறந்து வைத்திருக்கிற மனிதர்.

"பார்க்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், மரியாதையாகச் சொன்ன "முடியாது".

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்து, கொஞ்சம் இறங்கி வந்தார். "பார்வையாளருக்குன்னு ஒரு நாள் வெச்சிருக்காங்கல்ல? நானே வந்து அந்த ஜனங்க எப்படின்னு பார்க்கறேன். மரியாதையான இடமா இருந்தாப் பேசலாம்."

"நொம்ப மரியாதையான இடம் அத்தா" என்றேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் யாராவது எடுத்துச் சொல்லிக் காட்டாமல் எங்கள் வீட்டில் ஒரு பெருநாள் கழிவதில்லை.

பார்வையாளர் நாளுக்கு ஒவ்வொரு அணியும் தன் வாசலில் ஒரு வளைவு கட்ட வேண்டும். லித்துவேனியாவின் வளைவைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். எட்டிப் பார்க்கப் போனால் ரூதா கையை விரித்து மறித்தாள். "உன் அம்மாவுக்கு நன்றி சொல்கிறோம். அன்றைக்குப் பார்" என்றாள். என்னை லித்துவேனியாவுக்கு அழைப்பதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு, வீட்டில் போய் அதையும் சொல்லி வைத்தேன்.

அன்றைக்கு அத்தா கடையை முழுசாகச் சாத்தினார். (பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.) அம்மா விடியலிலிருந்து தம்ரூட் செய்தார். ரவை, முட்டை, நெய் போட்டுக் கிளறிச் சுடுகிற இனிப்பு. அதைப் போசியில் அடுக்கி முடித்து நாங்கள் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கரடியூர், மாரமங்கலம் ஜனமெல்லாம் ஜீப்பில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லா நாட்டு வாசலிலும் நாலு பேர் நின்றார்கள். லித்துவேனியா வாசலில் மட்டும் பெரிய வரிசை. கரடியூரிலிருந்து எங்கள் கடைக்கு மிளகு போடும் சின்னசாமியண்ணன் குடும்பத்தோடு நின்றிருந்தார். அத்தாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"ஏனுங்க பாய், பிரியாணிக் கடை போட்டதை ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"யாரு போட்டதுங்க?"

"நீங்கதானுங்க. ஊட்டம்மா பேரைத்தான் அவ்ளோ பெருசா போட்டு வெச்சிருக்குதே."

நிமிர்ந்து பார்த்தோம். இரண்டு கம்பத்துக்கு நடுவில் நீளமான பலகை. அதில் ஆள் உயர எழுத்துகள், மிஷின் வெட்டின மாதிரியே புள்ளி புள்ளியாக, ஒரு புள்ளியும் பிசகாமல், அவர்கள் கொடியின் மஞ்சள், பச்சை, சிவப்பில்: சுபைதா பீவி, ஏற்காடு.

அத்தா வாய்விட்டுப் படித்தார். அம்மாவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "இங்க பாரு" என்பார், மிஞ்சினால் என் பேரைச் சேர்த்து "நசீமா அம்மா" என்பார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு மைதானம் முழுக்க ஜனத்துக்கு நடுவில், மனைவியின் பேரை ஊரோடு சேர்த்துச் சொன்னார். அம்மா முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு, "அல்லாவே" என்றார்.

ஒரு முஸ்லிம் அம்மா பேரையும் ஊர்ப் பேரையும் பெரிசாக எழுதி வாசலில் மாட்டினால், சேலம் ஜில்லாவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஜனம் பசியோடு நின்றுகொண்டிருந்தது.

லித்துவேனியாக்காரர்களோ, தங்கள் தமிழைப் படித்து இத்தனை பேர் ஓடி வந்திருக்கிறார்கள் என்று உருகிப்போயிருந்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது என்று, தங்கள் ராச்சாப்பாட்டுக்காகக் கரைத்து வைத்திருந்ததைக் கப்பில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள். பளீரென்ற ரோஸ் நிறம். அவர்கள் நாட்டில் கோடைக்கென்றே செய்கிற குளிர்ந்த சூப்.

"பிரியாணிக்கு முன்னால ரோஸ்மில்க் குடுக்கறாங்க, நல்ல கவனிப்புங்க" என்று வாங்கிக் கவிழ்த்த ஒருவர், பாதியில் நின்று எதையோ மென்றார்.

"ஏனுங்க, ரோஸ்மில்க்ல வெள்ளரிக்காய் கிடக்குதுங்க."

"புளிக்குதுங்களே. கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க."

"அந்தம்மா கைப்பக்குவம் இப்படியா ஆகோணும்."

அத்தா ஒரு கப்பை வாங்கி, கடையில் மிளகை வாயில் போட்டுப் பார்க்கிற அதே முகத்தோடு ஒரு வாய் குடித்தார். "பீட்ரூட் பச்சடி. உப்புப் பத்தல" என்றார்.

நான் ரூதாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

"உன் அம்மாவின் பேரா? ஆனால் தட்டில் இருந்ததே. டம்ளரில் இருந்ததே. சாப்பிடும் முன்னால் நீங்கள் சொல்கிற பிரார்த்தனை என்று நினைத்தோம்."

"பேர்தான். ஊர்ப் பேரும் கூட."

"ஸ்பூனிலும் ஏன் உன் அம்மா பேர்?"

மாமாவை இங்கிலீஷில் எப்படி விளக்குவது? அவள் முகம் அந்தச் சூப்பின் நிறத்துக்கு வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் புள்ளி வைத்த விரல்களில் பெயிண்ட் ஒட்டியிருந்தது. இங்கே வரிசையிலிருந்து, "பிரியாணி எப்பங்க வரும்?" என்று குரல் ஏறிக்கொண்டிருந்தது. அணித் தலைவர், நெட்டையான மனிதர், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று சிரித்த முகத்தோடு என்னிடம் கேட்டார். "உதவிக்கு என்னைக் கேளுங்கள்" என்ற வில்லையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. போச்சு என்று நினைத்தேன். லித்துவேனியா போச்சு. இனிமேல் நான் சேலம்கூடப் போக முடியாது.

அப்போதுதான் அம்மா நகர்ந்தார். அத்தாவிடம் போசியைக் கொடுத்துவிட்டு, தன் பேருக்குக் கீழேயே நுழைந்து நேராக அவர்கள் அடுப்படிக்குப் போனார். ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். திரும்பி அணித் தலைவரைப் பார்த்து, தமிழிலேயே கேட்டார்:

"ஏஞ்சாமி, என்ற பேரைப் போட்டு இதையா ஊத்தறீங்க?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அடுப்பை விட்டு ஒதுங்கி நின்றார். அம்மா முகாமின் பெரிய சமையல்கூடத்துக்கு என்னை விரட்டினார். கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், ஒரு அண்டாச் சோறு. நான் ஓடினேன். எண்ணெயில் கடுகு வெடித்தது. கூட்டம் அந்தச் சத்தத்துக்குத்தான் அடங்கியது. லித்துவேனிய சூப்பைத் தாளித்து, சோற்றில் கொட்டிக் கிளறி, ரோஸ் கலரில் ஒரு மோர்ச்சோறு ஆக்கிவிட்டார். ரூதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பரிமாறினாள். அத்தா போசியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "முண்டாதீங்க, எல்லாத்துக்கும் இருக்குது" என்று வரிசையை ஒழுங்கு பண்ணினார். சின்னசாமியண்ணன் மூன்றாம் தரம் வாங்கிக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் இருக்குதுங்க பாய். ஆனாலும் பிரியாணின்னு மனசுல நெனச்சாச்சு பாருங்க."

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். ஏரிக்கரைக்கு வந்ததும் அத்தா ஆரம்பித்தார்.

"படிக்கத் தெரியாத எழுத்து. ஒத்தப் புள்ளி பிசகாம வரைஞ்சிருக்குதே அந்தப் புள்ள. நாமளா இருந்தா இன்னொருத்தரு எழுத்தை அப்படி எழுதுவமா?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு கண்ணு" என்றார்.

அந்த ஏரிக்கரையை இன்றைக்கும் தினமும் கடக்கிறேன். அந்த இடம் வந்ததும் கால் தானாக மெதுவாகும்.

முகாம் முடிந்து அவர்கள் கிளம்பிய காலையில் பனி மூடியிருந்தது. அம்மா போசியில் தம்ரூட் போட்டுக் கொடுத்தனுப்பினார். ரூதா அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"வெறுமனே திருப்பித் தரக் கூடாது. தெரியும். நீ எங்கள் ஊருக்கு வா, நிறைத்துத் தருகிறேன்" என்றாள்.

பஸ் நகர்ந்தது. அவள் கையை ஆட்டவில்லை, போசியை வெளியே நீட்டி ஆட்டினாள். முதல் வளைவில் அது ஒரு தரம் மின்னியது. குரங்குக் குல்லாவை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தேடித் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே போனாள். முதுகைக் காட்டாமல் இந்த மலையை விட்டு இறங்கிப் போனவள் அவள் ஒருத்திதான்.

பாஸ்போர்ட் வந்தது. போட்டோவில் திருடி மாதிரி இருந்தேன், ஆனாலும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அந்த ஊர்க் குளிருக்கு என்று கடையிலேயே தடிமனான ஸ்வெட்டராகப் பார்த்து எடுத்து ஒளித்து வைத்தேன். பிறகு அந்த நோய் வந்தது. உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. முகாம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊர் திறந்தபோது அத்தாவுக்கு முழங்கால் போயிருந்தது, கடையில் நான் உட்கார வேண்டியிருந்தது. பிறகு கல்யாணம், பிறகு மகள். யார்மீதும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கமும் வெள்ளையாகவே இருக்கிறது.

ஊர் மறக்கவில்லை. அம்மா சந்தைக்குப் போனால் யாராவது ஒருவர், "ரோஸ்மில்க் எப்பங்க?" என்று கேட்காமல் விடுவதில்லை. வீட்டிலோ வேறு வழக்கம். ஒரு பொருள் காணவில்லை என்றால் நாங்கள் தொலைந்துவிட்டது என்று சொல்வதே இல்லை. "லித்துவேனியா போயிருச்சு" என்போம். என் மகளுக்கு அது நாடு என்றே தெரியாது. அலமாரிக்குப் பின்னால் இருக்கிற சந்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ரூதா கைபேசியில் வருவாள். அவளுக்கும் ஒரு பையன். போன வாரம் பேசும்போது அடுப்படியைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளையாகக் குவிந்திருந்தது. உள்ளே அலமாரியில் பளபளவென்று எங்கள் போசி. சுபைதா பீவி, ஏற்காடு.

"ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது. நிறைய ஏதாவது போட்டுப் பார்சலில் அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன். யோசிக்காமல், சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிறகு, "அங்கேயே இருக்கட்டும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

அம்மா பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக என் சீர்ப் போசி, என் சீர்ப் போசி என்று புலம்புகிறவர். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்ல காரியம் பண்ணுன. பார்சல்ல வந்துட்டா அப்புறம் நீ எதை வாங்கறதுக்குன்னு போவ?" என்றார்.

உள்ளேயிருந்து அத்தா, கண்ணாடியைக் காணோம், லித்துவேனியா போயிருச்சாட்ட இருக்குது என்று குரல் கொடுத்தார். மகள் அலமாரிக்குப் பின்னால் தேட ஓடினாள். எங்கள் வீட்டிலிருந்து கண்ணாடி போயிருக்கிறது, கத்தரிக்கோல் போயிருக்கிறது, கடைச் சாவி மாதம் ஒரு தரம் போய்விட்டு வருகிறது. நான்தான் இன்னும் போகவில்லை.